புத்தகம் இல்லாத ரெண்டு மாசம்

ஜூன் வந்தா கையில லிஸ்ட்டோட கடை வாசல்ல வரிசையில நிக்கிற அப்பாக்களைப் பார்த்திருப்பீங்க. 2011-ல காசு இருந்தும் பாடப்புத்தகம் வாங்க முடியல. நான் அப்போ ஒன்பதாவது.

அதுவரை தமிழ்நாட்டில் ஸ்டேட் போர்டு, மெட்ரிக், ஆங்கிலோ-இந்தியன், ஓரியண்டல் என நான்கு பாடத்திட்டங்கள். எல்லாருக்கும் ஒரே பாடம்னு 2010-ல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. முதல் வருஷம் ஒன்றாம், ஆறாம் வகுப்புகளுக்கு மட்டும். பத்தாவது வரை மற்ற வகுப்புகளுக்கு 2011-ல் தொடங்கணும். புத்தகங்களும் அச்சாகிவிட்டன.

மே மாதம் ஆட்சி மாறியது. புதிய அரசு திட்டத்தை நிறுத்திவைத்தது. வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம்னு போச்சு. புதுசு வாங்கறதா, பழசு வாங்கறதான்னு ஸ்கூல்ல கேட்டா "பொறுங்க"ன்னாங்க. அப்பா ரெண்டு தடவை கடைக்குப் போய், நோட்டும் பிரவுன் ஷீட்டும் மட்டும் வாங்கிட்டு வந்தார்.

ஆகஸ்ட் 9 அன்று, சமச்சீர் கல்வியை அமல்படுத்த உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வந்த புத்தகங்கள்ல சில இடத்துல ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாங்க. நாங்க முதல்ல செஞ்சதே அதை உரிச்சுப் பார்த்ததுதான்.

எங்களுக்கு அது ஜாலி. பத்தாவது படிச்ச பக்கத்து வீட்டு அக்காவுக்கு, பொதுத்தேர்வுக்குப் படிக்க வேண்டிய ரெண்டு மாசம் போச்சு.