உண்டதும் உடலானதும்: அடையாற்றுக் கழிமுக மட்டியின் உணவு குறித்த ஆய்வு வரலாறு

ஆதனூர்ப் பகுதியில் தோன்றித் தாம்பரத்தின் மேற்கே முடிச்சூர், அனகாபுத்தூர் வழியாக வரும் அடையாறு பட்டினப்பாக்கத்தை அடுத்துக் கடலில் கலக்கிறது. மணல்திட்டு முகத்துவாரத்தை அடைப்பதும் வெள்ளம் அதனை உடைப்பதும் இங்கு இயல்பு. சென்னையின் உவர்நீர் விலங்கினங்கள் குறித்து என்.கே. பணிக்கரும் ஆர். கோபால ஐயரும் 1937இல் எழுதிய கட்டுரை இத்துறைக்கு அடித்தளமிட்டது. உப்புத்தன்மையின் ஏற்ற இறக்கத்தை உயிர்கள் எவ்வாறு தாங்குகின்றன என்பதே அக்கால அறிஞர்களை ஈர்த்த வினா. மட்டி எதனைத் தின்று வளர்கிறது என்பதை அறியக் குடலைப் பிளந்து பார்ப்பதே அன்றைய வழி.

அவ்வழி பாதி உண்மையையே காட்டியது. டயட்டம் பாசிகளின் சிலிக்கா ஓடு செரியாமல் எஞ்சுவதால் நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும். மக்கிய இலைத்துகளோ உருவழிந்துவிடும். தவிரவும், குடலில் இருந்தவை அனைத்தும் உடலில் சேர்ந்தவை அல்ல.

டெநீரோவும் எப்ஸ்டைனும் 1978இல் இச்சிக்கலுக்கு ஒரு வழி காட்டினர். உணவிலுள்ள கார்பன்-13, கார்பன்-12 விகிதம் உண்ணும் உயிரின் உடலிலும் ஏறத்தாழ அவ்வாறே பதிகிறது என்பது அவர்களது சோதனை முடிவு. கண்டல் இலையின் மதிப்பு ஆயிரத்துக்குச் சுமார் −28; கடல் மிதவைப் பாசியின் மதிப்பு −21ஐ ஒட்டியது. இவ்வேறுபாட்டைக் கொண்டு கோதாவரிக் கழிமுகத்துக் கோரிங்காவிலும் இலங்கையின் கண்டல் காடுகளிலும் பூய்யோன் குழுவினர் ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவு, கண்டல் சருகே அங்குள்ள உயிர்களை வளர்க்கிறது என்ற பரவலான நம்பிக்கையை அசைத்தது. சருகைப் பெரிதும் சார்ந்திருந்தவை சில இனங்களே. ஏனையவற்றில் பாசியின் பங்கு மிகுந்திருந்தது.

அடையாற்றில் வினா வேறு வடிவம் கொள்கிறது. இங்குச் சருகைவிடப் புறநகர்க் கழிவுநீரே பெரிது. கழிவுநீரின் அம்மோனியா ஆவியாவதாலும், நைட்ரேட்டைப் பாக்டீரியா வாயுவாக மாற்றுவதாலும் நைட்ரஜன்-14 விரைந்து வெளியேறுகிறது; எஞ்சுவதில் நைட்ரஜன்-15 விகிதம் கூடுகிறது. அதனை உறிஞ்சிய பாசியிலும், பாசியைத் தின்ற மட்டியிலும் அந்தத் தடம் தங்கும். ஆயின் மட்டி கழிவைத் தின்றது என்று இதனைக் கொண்டு கூறுதல் பொருந்தாது. வடிகட்டப்படாத மலத்துகளில் நைட்ரஜன்-15 பெரும்பாலும் குறைவே. உயர்ந்த மதிப்பு சுட்டுவது கழிவில் செழித்த பாசியை. நாளிதழ்களில் மட்டுமன்றி ஆய்வேடுகளிலும் இவ்விரண்டும் ஒன்றாகக் குழப்பப்படுவதுண்டு.

ஒப்பீட்டுக்குப் பழைய நீர் கிட்டாது. பழைய ஓடு கிட்டும். ஓட்டின் சுண்ணாம்புக்குள் பிணைந்த சிறிதளவு கரிமப் பொருள் மட்டி வாழ்ந்த காலத்து நைட்ரஜன் விகிதத்தைத் தாங்கியுள்ளது. சென்னைக் கடற்கரை ஓடுகளைப் பற்றி எஃப்.எச். கிரேவ்லி எழுதிய நூலைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1941இல் வெளியிட்டது. வகைப்பாட்டுக்காகத் திரட்டப்படும் இத்தகைய ஓடுகளில், இடமும் நாளும் குறிக்கப்பட்டவை ஆற்றின் பழைய உணவுக் கணக்கையும் கொண்டிருக்கின்றன.