வைத்தியத்துக்கு ஒரு விசா

தாயில்பட்டியில் வைத்தியத்துக்காக வெளியூர் போவதென்றால் சிவகாசி. கொஞ்சம் பெரிய சமாசாரம் என்றால் மதுரைப் பெரியாஸ்பத்திரி. பட்டாசுத் தீயில் வெந்தவர்களையும் அங்கேதான் கொண்டு ஓடுவார்கள். போகலாமா என்று எவனிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை.

கடல் கடந்தும் வைத்தியம் உண்டு என்று எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் தெரிய வைத்தவர்கள் இரண்டு முதலமைச்சர்கள். 1968 செப்டம்பரில் அண்ணா நியூயார்க் போய்ப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு வந்தார். வந்து மூன்று மாதம்கூட முழுசாக இருக்கவில்லை. 1969 பிப்ரவரி 3-ல் போய்விட்டார். 1984 நவம்பரில், ஆஸ்பத்திரிச் சாதனங்கள் பொருத்திய தனி விமானத்தில் எம்.ஜி.ஆரைப் புரூக்ளினுக்குக் கொண்டு போனார்கள். 1977-ல் அருப்புக்கோட்டையில் நின்று ஜெயித்தவர் அல்லவா, எங்கள் சீமைக்கு அவர் மேல் தனிப் பாத்தியதை! படுக்கையில் இருந்தபடியே ஆண்டிபட்டிக்கு மனுப் போட்டு, அதிலும் ஜெயித்தார். இவர்களுக்கு விசா கிடைக்குமா என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

சாதாரண மனிதன் சங்கதி வேறு. அமெரிக்காவில் 1952-ல் போட்ட சட்டம், வந்து போக விசா கேட்கிறவனைக் குடியேற வருகிறவனாகவே முதலில் நினைத்துக்கொள்ளச் சொல்கிறது. அப்படியில்லை என்று காட்டுவது கேட்கிறவன் பாடு. ஆகவே நோயாளி டாக்டர் சீட்டை மட்டும் நீட்டினால் போதாது. கையில் பணம் இருக்கிறது, ஊரில் வீடு வாசல் இருக்கிறது, குணமானதும் திரும்பிவிடுவேன் என்றெல்லாம் காட்ட வேண்டும். பிழைப்போமா என்பதே நிச்சயமில்லாதவனிடம், "பிழைத்தால் போய்விடுவாயா?" என்று கேட்பது போலத்தான்.

அரசாங்கத்துக்கு ஆளைப் பிடிக்காவிட்டால் காகிதம் இன்னும் வேறு விதமாகப் பேசும். சுபாஷ் சந்திர போஸ் 1932-ல் கைதியாக இருந்தபோது உடம்பு மிகவும் கெட்டுவிட்டது. சென்னைச் சிறையிலும் சில நாள் வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் 1933 பிப்ரவரியில் வைத்தியத்துக்காக ஐரோப்பாவுக்குக் கப்பலேற விட்டார்கள், செலவு அவருடையது. பாஸ்போர்ட்டில் மட்டும் இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் முதலில் இடமில்லை. வியன்னாவில் வைத்தியம் பார்த்துக்கொண்டார். நோய் எந்தத் தேசத்தில் குணமாகலாம் என்பதையும் சர்க்கார் தீர்மானித்த விந்தை அது.

வெள்ளைக்காரன் காலத்துக் கதை என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை. 2010 ஏப்ரல் 16-ந் தேதி இரவு, கோலாலம்பூரிலிருந்து மீனம்பாக்கத்துக்கு ஒரு விமானம் வந்தது. அதில் எண்பது வயதை ஒட்டிய ஓர் அம்மாள், பக்கவாதக்காரர், வைத்தியத்துக்காக வந்திருந்தார். மலேசியாவில் இந்தியத் தூதரகம் கொடுத்த ஆறு மாத விசா அவரிடம் இருந்தது. பெயர் பார்வதி அம்மாள், பிரபாகரனின் தாயார். அவரை விமானத்தை விட்டு இறங்கவே விடவில்லை. வந்த வழியே மலேசியாவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

விசா என்பது உள்ளே வரச் சொல்லும் அழைப்பு அல்ல. வாசற்படி வரை வரலாம் என்ற சீட்டு. கதவைத் திறப்பவர் வேறு. பார்வதி அம்மாளும் கணவர் வேலுப்பிள்ளையும் தமிழ்நாட்டில் பல வருஷம் குடியிருந்துவிட்டு 2003-ல் இலங்கைக்குத் திரும்பினார்கள். இனி அவர்களை உள்ளே விட வேண்டாம் என்று அப்போதைய மாநில அரசு மத்திய சர்க்காருக்கு எழுதி வைத்தது. ஏழு வருஷத்துக்குப் பிறகும் அந்தக் கடுதாசிக்கு உயிர் இருந்தது. கோலாலம்பூரில் ஒரு கை முத்திரை குத்த, மீனம்பாக்கத்தில் இன்னொரு கை பழைய பட்டியலைப் புரட்டியிருக்கிறது. மகனைப் பற்றி வாசகர்களுக்கு எந்த அபிப்பிராயமும் இருக்கலாம். நான் கேட்பது, கை கால் விழுந்துபோன கிழவியைப் பற்றி.

சட்டசபையில் பேசினார்கள், ஹைக்கோர்ட்டுக்கும் விஷயம் போனது. பிறகு மத்திய சர்க்கார் இறங்கி வந்து, வரலாம் என்றது. நிபந்தனைகள் கூடவே வந்தன: ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டும், அரசியல்காரர்களோடு தொடர்பு கூடாது. பார்வதி அம்மாள் வரவில்லை. மலேசியாவிலிருந்து இலங்கைக்கே போய், சொந்த ஊரான வல்வெட்டித்துறையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். 2011 பிப்ரவரி 20-ந் தேதி அங்கேயே காலமானார்.