ஆசியான் கட்டற்ற வணிகப் பகுதி உருவாக்கத்தில் தூதர் செவெரினோவின் பங்கு

முன்னுரை

திருக்குறளின் பொருட்பாலில் ‘தூது’ தனி அதிகாரமாக அமைந்துள்ளது. அதற்கு உரை கண்ட பரிமேலழகர், தாமே சொல்லை வகுத்து உரைப்போர், சொல்லி விடுத்ததை மட்டும் உரைப்போர் எனத் தூதரை இருவகைப்படுத்துவார். இவ்விருவகையினருக்கும் பின்னால் ஓர் அரசு உண்டு. இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய வட்டார அமைப்புகளோ, பல அரசுகளுக்கும் பொதுவாகப் பேச வேண்டிய புதுவகைத் தூதரை உருவாக்கின. ஆணையிடும் அதிகாரமற்ற அத்தகையவர் ஒரு வணிக உடன்பாட்டை எந்த அளவிற்கு முன்னெடுக்க இயலும் என்பதைப் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தூதர் ரொடோல்ஃபோ செவெரினோவின் (1936–2019) பணியைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

உடன்பாடும் பட்டியல்களும்

1992 சனவரியில் சிங்கப்பூரில் கூடிய ஆசியான் தலைவர்கள், தம் நாடுகளுக்குள் நிகழும் வணிகத்திற்கான சுங்க வரியை 1993 முதல் பதினைந்து ஆண்டுகளில் 5 விழுக்காட்டிற்கு மேற்படாமல் குறைக்க உடன்பட்டனர். 1994இல் இக்காலவரம்பு பத்தாண்டுகளாகச் சுருக்கப்பட்டது. பொருளின் மதிப்பில் குறைந்தது 40 விழுக்காடு ஆசியான் நாடுகளில் உருவாகியிருந்தால் மட்டுமே சலுகை கிட்டும். உடனே சேர்க்கப்படுவன, தற்காலிகமாக விலக்கப்படுவன, முற்றிலும் விலக்கப்படுவன என ஒவ்வோர் அரசும் தன் பொருள்களைப் பட்டியலிட்டது. எனவே உடன்பாட்டின் உயிர் இப்பட்டியல்களிலேயே இருந்தது எனலாம். வரிக்குறைப்பை மேற்பார்வையிட்ட அமைச்சர் குழுவில் ஆசியான் பொதுச்செயலாளரும் ஓர் உறுப்பினர் ஆவார்.

நெருக்கடிக் காலம்

மலேசியாவில் தூதராகவும் பின்னர்த் தம் நாட்டின் வெளியுறவுத் துணைச் செயலாளராகவும் பணியாற்றிய செவெரினோ, 1998 சனவரியில் பொதுச்செயலாளர் பொறுப்பை ஏற்றார். 1997 சூலை 2இல் தாய்லாந்தின் பாட் நாணய வீழ்ச்சியோடு தொடங்கிய நெருக்கடி அப்போது வட்டாரம் முழுவதையும் உலுக்கிக்கொண்டிருந்தது. உள்நாட்டுத் தொழில்களைக் காக்கும் பொருட்டு வரிச்சுவர்களை மீண்டும் எழுப்புவது அரசுகளுக்கு எளிய வழியாக இருந்தது. ஆனால், 1998 திசம்பரில் ஹனோய் உச்சி மாநாட்டில் பழைய உறுப்பு நாடுகள் ஆறும் இறுதிக் கெடுவை 2003இலிருந்து 2002க்கு முன்னகர்த்தின. முடிவு தலைவர்களுடையது, அதன் கால அட்டவணையைக் கண்காணித்து உறுப்பரசுகளுக்கு நினைவூட்டுவதே செயலகத்தின் கடமையாயிற்று.

உடன்பாட்டிற்குச் சோதனையும் நேர்ந்தது. தன் வாகனத் தொழிலைக் காக்க விரும்பிய மலேசியா, வாகனங்களுக்கான வரிக்குறைப்பை 2005 வரை தள்ளிவைக்கக் கோரியது. தற்காலிக விலக்கிற்கும் அதனால் பாதிக்கப்படும் நாடுகளுக்கான ஈட்டிற்கும் 2000 நவம்பரில் தனி ஒப்பந்தம் வழிவகுத்தது. இஃது உடன்பாட்டைத் தளர்த்தியது என்பாரும் உளர். எனினும், அறிவிப்பின்றி மீறுவதற்கு மாறாக விலகலையும் விதிக்குள் அடக்கியமை குறிப்பிடத்தக்கது. கட்டளையிட இயலாத அமைப்பிற்கு இதுவே இயன்ற வழி.

விளைவும் வரம்பும்

2002 சனவரியில் ஆறு நாடுகளும் பெரும்பாலான பொருள்களில் இலக்கை எட்டின. ஆயினும் ஆசியான் நாடுகளின் மொத்த வணிகத்தில் அவை தமக்குள் நிகழ்த்தும் வணிகம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைப் பெரிதும் கடக்கவில்லை. பொது வரிக்கும் சலுகை வரிக்கும் இடையிலான வேறுபாடு சிறிதாக இருந்தபோது, பிறப்பிடச் சான்று பெறும் தொல்லையைத் தவிர்த்து வணிகர் பலர் பொது வரியையே செலுத்தினர். வரிக்குறைப்பு மட்டுமே பொருளாதார ஒருங்கிணைப்பு ஆகாது என்பதைச் செவெரினோவே 2006இல் வெளிவந்த ஆசியான் பற்றிய தம் நூலில் உணர்த்தியுள்ளார்.

முடிவுரை

செவெரினோவின் பதவிக்காலம் முடியும் தறுவாயில், 2002 நவம்பரில், முதல் ஆசியான்–இந்திய உச்சி மாநாடு புனோம்பென் நகரில் நடைபெற்றது. அதன் தொடர்ச்சியாக 2009இல் கையெழுத்தான சரக்கு வணிக உடன்பாடு 2010 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் மிளகு, காப்பி, தேயிலை, பாமாயில் ஆகியவற்றை இந்தியா தனிப் பட்டியலில் வைத்து, அவற்றின் வரியை மெல்லக் குறைக்க இசைந்தது. தோட்டப்பயிர் உழவரின் வாழ்வு இப்பட்டியலோடு பிணைந்திருந்தது. தொகுத்து நோக்கின், வட்டார வணிகத் தூதாண்மையின் வெற்றியை மாநாட்டு அறிவிப்புகளைக் கொண்டு மட்டும் அளவிடலாகாது. பட்டியலில் எது இடம்பெற்றது, குறித்த கெடு காக்கப்பட்டதா, கிடைத்த சலுகையை வணிகர் பயன்கொண்டனரா என்பனவற்றைக் கொண்டே அளவிடுதல் வேண்டும் என்பது பெறப்படுகிறது.