ரேஸ் கோர்ஸ் ரோட்டில் கூடியவர்கள்

ஒரு கூட்டம் கலைந்ததும் முதலில் மிஞ்சுவது குப்பைதான். பிளாஸ்டிக் பை, சோற்றுப் பொட்டலம், புல்மேல் விரித்த பழைய பேப்பர். மறுநாள் காலைக்குள் அதையும் கூட்டி அள்ளிவிடுவார்கள். அதற்குப் பிறகும் எது மிஞ்சும் என்பது, கூடியவர்கள் யார் என்பதைப் பொறுத்தது. தேக்காவில் இருக்கும் ஒரே ஒரு சாலையை வைத்தே இதைச் சொல்லிவிடலாம்.

ஃபேரர் பார்க் திடலில் 1843-இல் குதிரைப் பந்தயம் தொடங்கியது. காலனியின் பெரிய மனிதர்கள் கூடிய இடம். 1933-இல் பந்தயம் புக்கித் தீமாவுக்குப் போய்விட்டது. குதிரைகள் போய் 90 வருஷத்துக்கு மேல ஆச்சு. ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் அப்படியே இருக்கு.

அதே திடலில் 1942 பிப்ரவரி 17 அன்று சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்கள் கூட்டப்பட்டார்கள். சிங்கப்பூர் வீழ்ந்து இரண்டே நாள். பிரிட்டிஷ் அதிகாரி அவர்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார். அடுத்துப் பேசியவர் மோகன் சிங். அங்கிருந்தவர்களில் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சேர மறுத்தவர்கள் போர்க்கைதிகளாகவே இருந்தார்கள். அவர்களில் பலரை நியூகினி வரை கப்பலேற்றினார்கள். அந்தக் கூட்டம் விட்டுப்போனது ஒரு படையையும், ஒரே பட்டாளத்துக்குள் விழுந்த ஒரு பிளவையும்.

மூன்றாவது கூட்டம் ஞாயிறுதோறும் கூடியது. 2013 டிசம்பர் 8 இரவு, ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹாம்ப்ஷயர் ரோடும் சந்திக்கும் இடத்தில், தனியார் பேருந்து மோதித் தமிழ்நாட்டுக் கட்டுமானத் தொழிலாளி ஒருவர் இறந்தார். கலவரம் வெடித்தது. 57 பேர் நாடு கடத்தப்பட்டார்கள். 2015 ஏப்ரல் 1 முதல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தது: தீவு முழுக்க இரவு 10.30-க்கு மேல் பொது இடத்தில் குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் சனி காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை.

பந்தயக் கூட்டத்துக்குப் பெயர். தொழிலாளர் கூட்டத்துக்குச் சட்டம்.

ஆனால் அந்தச் சட்டம் நினைவில் வைத்திருப்பது ஒரே ஒரு ராத்திரியை. அதற்கு முன்னும் பின்னும் எத்தனை ஞாயிறுகள்! ஊருக்குப் பணம் அனுப்பியது, பக்கத்து ஊர்க்காரரைத் தேடிப்பிடித்தது, தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்ந்து கணக்குப் போட்டது. இதையெல்லாம் யாரும் எழுதி வைக்கலை.

நான் இருக்கும் மார்சிலிங்கிலிருந்து தேக்காவுக்கு ரயிலில் நியூட்டனில் மாறிப் போகணும். வடக்கே தங்குவிடுதிகளில் இருப்பவர்கள் அந்த ஒரு நாளுக்காக இந்தத் தூரத்தைக் கடக்கிறார்கள். "இங்கேயே கடை இருக்கே, ஏன் அவ்வளவு தூரம்?" என்று ஒருவரிடம் கேட்டேன்.

"கடைக்கா போறோம்? அங்கதாண்ணே நாலு பேரு பேரு சொல்லிக் கூப்பிடுறாங்க" என்றார்.