கில்பர்ட் குன்று

மாணவர்களே, எரிமலையின் சுவட்டைக் காண இத்தாலியின் வெசூவியஸ் வரை செல்ல வேண்டுவதில்லை. நம் நாட்டுக் கடலோர நகரமாகிய மும்பையில், அந்தேரிப் பகுதியில், கில்பர்ட் குன்று நிற்கிறது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்த் தக்காணத்தில் பொங்கிய எரிமலைக் குழம்பு இறுகி, 200 அடி உயரக் கரும்பாறைத் தூண்களாயிற்று. உச்சியில் காவ்தேவி அம்மன் கோயில் கொண்டுள்ளாள். அக்குன்றைச் சுற்றிலும் கல் வெட்டினர். பின்னர்க் கட்டடங்கள் நெருங்கின. மாநகராட்சி அதனைப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றதோ 2007ஆம் ஆண்டில்தான்.

தளி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் பாறை அறுபடுவதை நாமும் காண்கிறோம். நம் பாறைகளோ ஏறக்குறைய 250 கோடி ஆண்டுத் தொன்மை உடையவை. வீடு கட்டக் கல் வேண்டும், மறுப்பாரில்லை. ஆயினும், எக்குன்றை விட்டுவைப்பது என்பதை வெட்டுவதற்கு முன்னரே எண்ணுதல் வேண்டும்.