21 இலக்க எண்ணும் மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளும்

பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். 'பகா எண்' என்ற தமிழ்ச் சொல்லை அறியும் முன்பே 'நோம்ப்ர் ப்ரெமியே' எனக்கு மனப்பாடம். அந்த நாளில் காதில் விழுந்த பெயர் மெர்சென். 1588-இல் பிறந்த பிரெஞ்சுத் துறவி, கணிதப் பிரியர்.

சதுரங்கக் கட்டங்களில் 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே நெல்மணி வைக்கும் கதை நம் எல்லோருக்கும் தெரியும். 64 கட்டத்தோடு நிற்காமல் இன்னும் மூன்று கட்டம் போனால் மொத்த நெல்மணி 147573952589676412927. அதாவது 67 இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருவது. இது பகா எண் என்று 1644-இல் மெர்சென் எழுதினார்.

232 வருடம் அது அப்படியே நின்றது. 1876-இல் எதுவார் லூக்கா என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர், இது பகா எண் அல்ல என்று நிரூபித்தார். ஆனால் எந்த எண்ணால் வகுபடும் என்பதை அவராலும் சொல்ல முடியவில்லை.

தப்பு இருக்கிறது, எங்கே என்று தெரியாது. அந்த அவஸ்தை குமாஸ்தாவுக்குத்தான் புரியும். ஒரு மார்ச் மாதக் கடைசியில் என் பேரேட்டில் 54 ரூபாய் இடித்தது. அதிகாரி என் நேர்மையையே சந்தேகித்தார். இரண்டு ராத்திரி தூக்கமில்லை. ஒரு பழைய தலைமை எழுத்தர்தான் சொன்னார்: "தம்பி, வித்தியாசம் ஒன்பதால் வகுபடுதா பாரு. பட்டா, இலக்கம் இடம் மாறியிருக்கும்." 93-ஐ 39 என்று எழுதியிருந்தேன்!

இந்த எண்ணுக்கும் அப்படி ஒரு துப்பு உண்டு. அதன் எந்தக் காரணியையும் 134-ஆல், அதாவது 67-இன் இரு மடங்கால், வகுத்தால் மீதி 1 வரவேண்டும். இந்த விதியை 1640-லேயே மெர்சென்னுக்குக் கடிதத்தில் எழுதியவர் ஃபெர்மா. அப்படி வடிகட்டினாலும் மிஞ்சுபவை லட்சக்கணக்கில்.

1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் விடையை வைத்தார்: 193707721 × 761838257287. வாயே திறக்காமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார், சபை கைதட்டியது என்பார்கள். எத்தனை நாள் பிடித்தது என்று கேட்டதற்கு, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

போன ஞாயிறு நானும் நோட்டில் பெருக்கிப் பார்த்தேன். முதல் தடவை ஓரிடத்தில் மீதி ஏற்ற மறந்துவிட்டேன். இரண்டாம் தடவை 21 இலக்கமும் சரியாக வந்தது. கீழே சிவப்பு மையில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதித் தேதி போட்டேன். பழக்கம் விடவில்லை.