டிராக்கோவின் சட்டமும் அவர் பெயரால் வந்த சொல்லும்

கொடிய சட்டமொன்றைக் கண்டிக்க நேரும்போதெல்லாம் ஆங்கிலப் பத்திரிகைகள் ‘டிராக்கோனியன்’ என்னும் பெயரடையை எடுத்தாள்வதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். இச்சொல்லுக்குரியவர் டிராக்கோ. கி.மு. 621ஆம் ஆண்டளவில் அதென்ஸ் நகருக்கு முதன்முதலாக எழுத்து வடிவிற் சட்டம் வகுத்தவர் அவரே.

அதற்கு முன்னர் அந்நகரிற் சட்டம் என்பது உயர்குடியினரின் நினைவில் மட்டுமே இருந்தது. வழக்கை விசாரித்தவரும் அவர்களே. வழக்காறு இன்னதென்று உரைத்தவரும் அவர்களே. ஒருவன் கொலையுண்டால் அவன் சுற்றத்தார் பழிக்குப்பழி வாங்க எழுவர். இந்நிலையில், எழுத்தறிந்தோர் சிலரேயாயினும், சட்டம் யாவரும் காணுமாறு எழுதி வைக்கப்பட்டமை சிறு காரியமன்று.

ஆயினும் பின்வந்தோர் நினைவில் நின்றது தண்டனையின் கடுமையே. காய்கனி திருடியவனுக்கும் கொலைஞனுக்கும் மரணமே தண்டனை என்று புளூட்டார்க் எழுதுகிறார். காரணம் கேட்டோருக்கு, சிறு குற்றத்திற்கே மரணம் தகும், பெருங்குற்றத்திற்கு அதனிலும் பெரிய தண்டனை காணேன் என்று டிராக்கோ விடையிறுத்தாராம்! அச்சட்டங்கள் மையினாலன்று, இரத்தத்தினால் எழுதப்பட்டவை எனப் பழித்தவர் டெமடீஸ் என்னும் சொற்பொழிவாளர். ஆனால் டெமடீஸ் டிராக்கோவுக்கு ஏறக்குறைய 300 ஆண்டு பிற்பட்டவர்; புளூட்டார்க்கோ 700 ஆண்டு பிற்பட்டவர். செவிவழிச் செய்தி அத்தனை காலத்தில் எவ்வளவு வளரும் என்பதை நாமறிவோம்.

கி.மு. 594இல் சோலன், கொலை பற்றிய சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை நீக்கினார். எஞ்சிய அச்சட்டத்தைக் கி.மு. 409-408இல் அதீனியர் சலவைக்கல்லில் மீண்டும் பொறித்தனர். சிதைந்த நிலையிலுள்ள அக்கல் இன்று அதென்ஸ் கல்வெட்டு அரும்பொருட்சாலையில் இருக்கின்றது.

அக்கல் கூறுவது யாது? முன்னெண்ணமின்றிக் கொன்றவனுக்கு மரணமன்று, நாடுகடத்தலே தண்டனை. அக்கொலை அத்தகையதா என்பதை 51 நடுவர் தீர்மானிப்பர். இறந்தவனின் தந்தை, சகோதரர், புதல்வர் யாவரும் ஒருமித்து இசைந்தால் அவனை மன்னிக்கலாம். ஒருவர் மறுப்பினும் மன்னிப்பில்லை. அநியாயமாக வலிந்து பறிக்க வந்தவனைத் தற்காப்பின்பொருட்டு அவ்விடத்திலேயே கொன்றவனுக்கோ தண்டனையே இல்லை. எல்லைப்புறச் சந்தைகளையும் பொது விளையாட்டுக்களையும் அணுகாது ஒதுங்கி வாழும் கொலையாளியை ஒருவன் கொன்றுவிட்டால், அதீனியக் குடிமகனைக் கொன்ற குற்றமே அவன்மீதும் சாரும். பழிவாங்கும் உரிமையைச் சுற்றத்தாரின் கையினின்றும் மன்றத்திற்கு மாற்றும் முயற்சியை இவ்விதிகளிற் காண்கிறோம். டிராக்கோவின் சட்டங்களுள் சட்ட வாசகமாகவே நம் கைக்கு எட்டியது இக்கல்லிலுள்ளது மட்டுமே.